‘மாநில அரசின் அனுமதி பெற்றது’ என்றால் அக்ரெடிடேஷன் இருக்கிறது என்று அர்த்தமா?

அடுத்த கேள்வியை ஒரு அப்பா அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் நீளமானது, சுருக்கி வாசிக்கிறேன். “சார், என் மகளுக்கு அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருக்கிறது. விசாவுக்காகக் கல்லூரி தருகிற ஐ-20 படிவம் கூட வந்துவிட்டது. அவர்களுடைய இணையதளத்தில் ‘மாநில அரசின் அனுமதி பெற்றது’ என்று போட்டிருக்கிறார்கள். மகளின் தோழியோ, அது அக்ரெடிடேஷன் இல்லாத இடம் என்கிறாள். கன்சல்டன்சியில் கேட்டால், ‘அரசாங்கமே அங்கீகாரம் கொடுத்திருக்கிறது, அப்புறம் என்ன சந்தேகம்’ என்கிறார்கள். இந்த வாரத்துக்குள் முதல் செமஸ்டர் கட்டணத்தைக் கட்ட வேண்டும். கட்டலாமா?”

ஐயா, இன்றைக்குக் கட்டாதீர்கள். இந்தப் பதிலை முழுதாகக் கேளுங்கள், நான் சொல்கிற இடங்களில் ஒரு அரை மணி நேரம் பாருங்கள். அதற்குப் பிறகு முடிவெடுக்கலாம்.

குழப்பம் ‘அங்கீகாரம்’ என்கிற சொல்லிலேயே தொடங்குகிறது. அமெரிக்காவில் மூன்று வேறு வேறு ஆட்கள் செய்கிற மூன்று வேறு வேறு வேலைகளுக்கு நாம் இந்த ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். கல்லூரி நடத்த மாநில அரசு கொடுப்பது ஒன்று. படிப்பின் தரத்தைப் பார்த்து ஒரு தனியார் அமைப்பு கொடுப்பது இன்னொன்று. அந்தத் தனியார் அமைப்பை நம்பலாம் என்று மத்திய அரசு சொல்வது மூன்றாவது. இன்றைக்கு இந்தப் பதிலில் முதலாவதை அனுமதி என்றும், இரண்டாவதைத் தரச்சான்று என்றும், மூன்றாவதை ஏற்பு என்றும் சொல்கிறேன். அக்ரெடிடேஷன் என்பது அந்த இரண்டாவது. உங்கள் கன்சல்டன்சிக்காரர் முதலாவதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறார். தெரிந்து செய்கிறாரா, தெரியாமல் செய்கிறாரா என்று எனக்குத் தெரியாது. மாட்டிக்கொள்வது உங்கள் மகள்தான்.

அனுமதி என்றால் என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. கல்லூரி தொடங்க வேண்டுமானால் அந்தந்த மாநிலத்தில்தான் அனுமதி வாங்க வேண்டும். கலிஃபோர்னியாவில் தனியார் கல்லூரிகளுக்கென்று பி.பி.பி.இ. என்று ஒரு அலுவலகம் இருக்கிறது. குறைந்தபட்ச நிபந்தனைகள் இருக்கின்றனவா, மாணவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்கிறார்களா என்றெல்லாம் பார்த்து, ‘நடத்தலாம்’ என்று அனுமதி கொடுப்பார்கள். அந்த அனுமதியைக் கல்லூரி விளம்பரத்தில் போட்டால், ‘மாநில விதிகளுக்கு உட்பட்டு இயங்குகிறோம்’ என்பதுதான் இதன் பொருள் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று அந்த மாநிலச் சட்டமே சொல்கிறது. அரசு எங்களைப் பாராட்டியிருக்கிறது என்கிற தோற்றத்தை உண்டாக்கக் கூடாது. இந்தக் குழப்பத்தால் பலர் ஏமாந்ததால்தான் சட்டத்தில் இதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லா மாநிலங்களிலும் ஒரே அளவு கண்டிப்பு இல்லை. சில இடங்களில் நன்றாகத் துருவிப் பார்ப்பார்கள், சில இடங்களில் விதிகள் தளர்வு. மத நிறுவனங்கள் நடத்தும் கல்லூரிகளுக்குப் பல மாநிலங்களில் விலக்கே உண்டு.

இனி தரச்சான்று. இதை அரசு கொடுப்பதில்லை. நம்மூரிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது நம்பவே கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் நமக்கு எல்லாவற்றுக்கும் அரசு முத்திரைதான் பழக்கம். அங்கே கல்லூரிகளே சேர்ந்து உண்டாக்கிக்கொண்ட அமைப்புகள் இதைச் செய்கின்றன. நியூ இங்கிலாந்துப் பகுதியில் 1885-லேயே இப்படி ஒரு சங்கம் தொடங்கிவிட்டது. மற்ற பகுதிகளும் அடுத்தடுத்துத் தொடங்கின. முறை இதுதான்: கல்லூரி முதலில் தன்னைப் பற்றித் தானே ஒரு பெரிய அறிக்கை எழுதும். பிறகு மற்ற கல்லூரிகளின் பேராசிரியர்களும் நிர்வாகிகளும் ஒரு குழுவாக நேரில் வருவார்கள். நூலகம், ஆசிரியர்களின் தகுதி, பாடத்திட்டம், வரவு செலவு, எத்தனை பேர் படித்து முடிக்கிறார்கள் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தேறினால் தரச்சான்று. சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் வருவார்கள், குறை இருந்தால் எச்சரிப்பார்கள், திருந்தாவிட்டால் பறிப்பார்கள். மேற்குப் பக்கத்துக்கு டபிள்யூ.எஸ்.சி.யு.சி., நடுப்பகுதிக்கு எச்.எல்.சி., தெற்கே சாக்ஸ்காக் என்று பெயர்களைக் கேட்டிருப்பீர்கள். இப்படி ஒரு பகுதிக்கு என்று இருந்தவற்றை ‘ரீஜினல்’ என்றும், நாடு முழுவதற்கும் சான்று கொடுப்பவற்றை ‘நேஷனல்’ என்றும் சொல்வார்கள். 2020 ஜூலை முதல் மத்திய அரசு தன் விதிகளில் ரீஜினல், நேஷனல் என்கிற பிரிவினையை எடுத்துவிட்டது. ஆனாலும் படித்து முடித்த பாடங்களின் கணக்கை, அதாவது கிரெடிட்டை, வேறு கல்லூரிக்கு மாற்றும்போது பல பல்கலைக்கழகங்கள் பழைய கணக்கிலேயே பார்க்கின்றன.

மூன்றாவது, ஏற்பு. இந்தத் தரச்சான்று அமைப்புகளை யார் கண்காணிப்பது என்கிற கேள்விக்குப் பதில் இது. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த வீரர்களுக்கு, படிக்க அரசே பணம் கொடுத்தது. 1944-இல் வந்த சட்டம் அது. பணம் வருகிறது என்று தெரிந்ததும் புற்றீசல் மாதிரி பள்ளிகள் கிளம்பின. அதில் அரசு கையைச் சுட்டுக்கொண்டதால், 1952-இல் கொரியப் போர் வீரர்களுக்கான சட்டம் போடும்போது, நம்பத்தகுந்த தரச்சான்று அமைப்புகள் எவை என்று மத்திய அரசு ஒரு பட்டியல் வெளியிட வேண்டும் என்று எழுதினார்கள். இன்றைக்கும் அமெரிக்கக் கல்வித் துறை கல்லூரிகளுக்கு நேராகத் தரச்சான்று கொடுப்பதில்லை. தரச்சான்று கொடுப்பவர்களை ஏற்பதோடு சரி.

அதனால்தான் ‘எங்களுக்கு அக்ரெடிடேஷன் இருக்கிறது’ என்று சொன்னால் கூட அதோடு நிறுத்தாதீர்கள். யார் கொடுத்தது என்று கேளுங்கள். பட்டம் விற்கிற கும்பல்கள் கூடவே தரச்சான்று விற்கிற கும்பலையும் நடத்துகின்றன. பெயர் பிரமாதமாக இருக்கும், ‘சர்வதேச’ என்று தொடங்கும், இணையதளத்தில் முத்திரையும் கழுகும் இருக்கும். ஏற்புப் பட்டியலில் மட்டும் பெயர் இருக்காது. பட்டியலில் இருந்தவர்களும் தவறியிருக்கிறார்கள். ஏ.சி.ஐ.சி.எஸ். என்று ஒரு அமைப்பு, நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்குச் சான்று கொடுத்தது. அதன் மேற்பார்வையில் இருந்த ஐ.டி.டி. டெக் என்கிற கல்லூரிக் குழுமத்தை 2016-இல் இழுத்து மூடினார்கள். அதே ஆண்டு ஏ.சி.ஐ.சி.எஸ்.ஸின் ஏற்பு போனது, 2018-இல் திரும்ப வந்தது, 2022-இல் ஒரேயடியாகப் போய்விட்டது. இடையில் தெற்கு டகோட்டாவில் ரீகன் நேஷனல் யுனிவர்சிட்டி என்று ஒரு இடத்துக்கு அவர்கள் சான்று கொடுத்திருந்தார்கள். 2020-இல் பத்திரிகையாளர்கள் போய்த் தேடியபோது, அங்கே மாணவரும் இல்லை, ஆசிரியரும் இல்லை.

இப்போது உங்கள் மனதில் ஓடும் கேள்வி எனக்குக் கேட்கிறது. “ஐ-20 வந்துவிட்டதே சார், அதை அமெரிக்க அரசுதானே அனுமதிக்கிறது?” ஐயா, இங்கேதான் நம் பிள்ளைகள் அதிகமாக அடிபட்டிருக்கிறார்கள்.

ஐ-20 கொடுக்கும் உரிமையைக் கல்லூரிக்கு வழங்குவது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இருக்கும் எஸ்.இ.வி.பி. என்கிற பிரிவு. அது விசா சம்பந்தப்பட்ட வேலை. தரச்சான்று இல்லாத கல்லூரி கூட, ‘தரச்சான்று உள்ள மூன்று கல்லூரிகள் எங்கள் மாணவர்களின் கிரெடிட்டை ஏற்றுக்கொள்கின்றன’ என்று காட்டி அந்த உரிமையைப் பெற முடியும். ஆகவே ஐ-20 வந்ததை வைத்து அக்ரெடிடேஷன் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது.

டிரை-வேலி யுனிவர்சிட்டியை நினைவிருக்கிறதா? கலிஃபோர்னியாவில் பிளெசன்டன் என்கிற ஊர். தரச்சான்று கிடையாது, ஆனால் ஐ-20 கொடுக்கும் உரிமை இருந்தது. அதைப் பொய் ஆவணங்களைக் காட்டி வாங்கியிருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. 2011 ஜனவரியில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். பாதிக்கு மேற்பட்ட மாணவர்களின் முகவரியாக சன்னிவேல் நகரில் ஒரே ஒரு அடுக்குமாடி வீட்டைக் காட்டியிருந்தார்கள். நடத்தியவருக்கு 2014-இல் 16 ஆண்டுகளுக்கு மேல் சிறைத்தண்டனை கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே, சில மாணவர்களின் கணுக்காலில் கண்காணிப்புக் கருவியைப் பூட்டிவிட்டார்கள். வீட்டை அடகு வைத்து அனுப்பிய பெற்றோர், பிள்ளையின் காலில் அந்தக் கருப்புப் பட்டையைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அந்தப் படத்தை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

இதைவிடக் கொடுமை மிச்சிகனில் நடந்தது. ஃபார்மிங்டன் யுனிவர்சிட்டி என்று ஒன்று. விசா மோசடிக்காரர்களைப் பிடிப்பதற்காக அரசு அதிகாரிகளே உருவாக்கிய போலிப் பல்கலைக்கழகம். 2019 ஜனவரியில் விஷயம் வெளியே வந்தது. சுமார் 600 பேர் சேர்ந்திருந்தார்கள், பெரும்பாலும் இந்திய மாணவர்கள். ஒரு உண்மையான தரச்சான்று அமைப்பின் பட்டியலில் கூட அதன் பெயரைச் சேர்த்து வைத்திருந்தார்கள். வகுப்பும் இல்லை, ஆசிரியரும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பட்டியலைப் பார்த்தாலும் போதாது. வகுப்பு எந்தக் கட்டடத்தில், வாரத்தில் எந்த நாள், யார் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ‘முதல் நாளிலிருந்தே வேலை பார்க்கலாம், வகுப்பு பெயருக்குத்தான்’ என்று யாராவது சொன்னால், அந்த இடம் வேண்டாம்.

சரி, தரச்சான்று இல்லாத இடத்தில் படித்தால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன், பெயர் வேண்டாம், இப்படி ஒரு இடத்தில் ஒரு வருஷம் படித்தான். பிறகு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு மாற நினைத்தான். மதிப்பெண் பட்டியலை என்னிடம் காட்டினான், எட்டுப் பாடத்தில் ஆறில் ‘ஏ’. புதிய இடத்திலிருந்து வந்த கடிதம் இரண்டு வரிதான். ஏற்றுக்கொண்ட கிரெடிட்: பூஜ்யம். முதலிலிருந்து மறுபடியும் படித்தான், மறுபடியும் கட்டினான். அவன் கெட்டிக்காரன். அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

வேலை விஷயத்திலும் அடி விழும். எச்-1பி என்கிற வேலை விசாவில் அமெரிக்க முதுகலைப் பட்டதாரிகளுக்கு என்று 20,000 இடங்கள் தனியாக இருக்கின்றன அல்லவா, அதற்குத் தரச்சான்று உள்ள கல்லூரியின் பட்டம் வேண்டும். அதுவும் அரசுக் கல்லூரியாகவோ லாப நோக்கில்லாத கல்லூரியாகவோ இருக்க வேண்டும். பட்டம் வாங்கிய காலத்தில் தரச்சான்று இருந்ததா என்று பார்ப்பார்கள். பின்னால் கிடைத்தால் உதவாது. ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்த மாணவர்கள் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை பார்க்கக் கிடைக்கிற கூடுதல் ஓ.பி.டி. காலத்துக்கும் கல்லூரிக்குத் தரச்சான்று தேவை.

மாநில அனுமதியே பெரிய விஷயமாக இருக்கிற படிப்புகளும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் தப்பாகிவிடும். நர்சிங் படிப்புக்கு அந்த மாநில நர்சிங் வாரியத்தின் ஒப்புதல் இல்லாவிட்டால் உரிமத் தேர்வு எழுதுவதே சிக்கலாகிவிடும். பொறியியலுக்கு ஏபெட் என்று துறைக்கான தனிச் சான்று இருக்கிறது. உங்கள் மகள் எம்.எஸ். என்பதால், கல்லூரி முழுவதற்குமான தரச்சான்றுதான் முதல் கவலை.

இப்போது என்ன செய்ய வேண்டும்? அமெரிக்கக் கல்வித் துறையின் தேடல் பக்கம் ஒன்று இருக்கிறது, டேபிப் (DAPIP) என்பார்கள். சியா (CHEA) என்கிற அமைப்பும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இரண்டிலும் கல்லூரியின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள், ஊரையும் பாருங்கள். புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வது பழைய தந்திரம்.

அப்புறம் படிப்பு விவரங்களும் விதிகளும் இருக்கிற கல்லூரியின் ‘கேட்டலாக்’ பி.டி.எஃப்-ஐ இறக்குங்கள். தரச்சான்று இல்லாத பட்டப்படிப்பு என்றால், அதை அதில் எழுதியே ஆக வேண்டும் என்று கலிஃபோர்னியாவில் விதி இருக்கிறது. ‘அன்அக்ரெடிடட்’ என்ற சொல்லைப் போட்டுத் தேடுங்கள். ‘புரொவிஷனல்’ என்ற சொல்லையும் தேடுங்கள். தரச்சான்று இல்லாமல் பட்டம் கொடுக்கும் புதிய கல்லூரிகளுக்கு அங்கே தற்காலிக அனுமதிதான் கிடைக்கும், ஐந்து ஆண்டுகளுக்குள் முழுத் தரச்சான்று வாங்கிக் காட்ட வேண்டும். நீங்கள் சொல்கிற இடம் அப்படிப்பட்டதாக இருக்கலாம். அப்படியானால் அது மோசடி என்று நான் சொல்ல மாட்டேன், நாளைக்கு நல்ல கல்லூரியாகக் கூட வளரலாம். ஆனால் அது வளர்கிற செலவு உங்கள் மகளின் இரண்டு வருஷமாக இருக்கக் கூடாது. ‘விண்ணப்பித்திருக்கிறோம், அடுத்த வருஷம் வந்துவிடும்’ என்றால் இன்றைக்கு இல்லை என்றுதான் கணக்கு.

கடைசியாக, மகளையே கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குத் தரச்சான்று கொடுத்த அமைப்பு எது, எந்தத் தேதி வரை செல்லும், என் படிப்பும் அதில் அடங்குமா, இந்த மூன்றே கேள்வி. கன்சல்டன்சி வழியாக வேண்டாம். பதில் எழுத்தில் வரட்டும். ஃபோனில் கூப்பிட்டு விளக்குகிறேன் என்றால், ‘அதையே மெயிலில் போடுங்கள்’ என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த மெயில் வரும் வரை பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.