ஏனையவை மாறாதிருக்க

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் திருகோணமலை மக்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம். இன்றைய பொருளியலை நடத்திச் செல்வது கோட்பாடா, களத் தரவா என்பது வழக்கு. களத் தரவே என்று வாதிட வந்திருக்கிறேன்.

கோட்பாடு இல்லாத தரவு திசையறி கருவி இல்லாத தோணி என்றார் எதிரணித் தலைவர். துறைமுக நகரில் நின்று இப்படிச் சொன்னால் கைதட்டல் விழத்தான் செய்யும். ஆனால், அந்தக் கருவி வடக்கைக் காட்டுமே தவிர நீருக்கடியில் கிடக்கும் பாறையைக் காட்டாது. அதை அறியக் குண்டு கட்டிய கயிற்றைக் கடலில் இறக்கித்தான் ஆக வேண்டும்.

உயர்தர வகுப்பில் பொருளியல் படித்தவர்கள் 'ஏனையவை மாறாதிருக்க' என்ற தொடரை மறந்திருக்க மாட்டார்கள். விலை ஏறினால் கேள்வி, அதாவது மக்கள் வாங்க விரும்பும் அளவு, குறையும், ஏனையவை மாறாதிருக்க. இதை எழுதிவிட்டு வளைகோட்டை வரைவோம், சமநிலைப் புள்ளியும் கிடைத்துவிடும். ஆனால் உலகத்தில் ஏனையவை ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. அந்த எடுகோளைத் தாளில் எழுதியதோடு நில்லாமல், களத்தில் இயன்ற அளவுக்கு உண்டாக்கிக் காட்டுவதே இன்றைய ஆய்வு முறையின் பெருமுயற்சி.

1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலராக உயர்த்தியது; எல்லைக்கு அப்பாலுள்ள பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் அலன் குரூகரும் இரு பக்கத்துத் துரித உணவகங்களையும் ஒப்பிட்டபோது, கூலி ஏறினால் வரும் என்று பாடநூல் எதிர்பார்த்த வேலையிழப்பைக் காணவில்லை. அதைப் பற்றிய சர்ச்சை நெடுங்காலம் நடந்தது என்பதையும் மறைக்க மாட்டேன்.

நியூ ஜெர்சி வரை போவானேன்? 2004 ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு, நம் இலங்கையின் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் மிகச் சிறிய தொழில்களை நடத்துவோருள் எழுமாறாகத் தெரிவு செய்யப்பட்டவர்களுக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் பெறுமதியான உதவி, சிலருக்குப் பணமாகவும் சிலருக்குப் பொருளாகவும் கொடுக்கப்பட்டது. சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்தோபர் வுட்ரஃப் ஆகியோர் நடத்திய ஆய்வு இது. குலுக்கல் முறையில் பிரித்ததால், உதவி பெற்றவர்களே இயல்பில் கெட்டிக்காரர்கள் என்று எவரும் சொல்ல வழியில்லை. மூலதனம் குறைந்த இடத்தில் அதன் வருவாய் அதிகம் என்ற கோட்பாடு வென்றது. சராசரியாக மாதத்துக்கு 5 சதவீதத்தை ஒட்டிய வருவாய். ஆனால் பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரி இலாபம் கூடவே இல்லை! அங்கே கோட்பாடு வாயடைத்து நின்றது. பின்னர் இந்தத் தரவை இந்திய, கானா தரவுகளோடு சேர்த்து மீண்டும் ஆராய்ந்து 2019இல் வெளிவந்த ஆய்வு ஒரு விடை சொன்னது: மனைவிக்குக் கொடுத்த பணம் கணவனின் தொழிலுக்குப் போய்விடுகிறது, கணக்கிட வேண்டியது தொழிலை அல்ல, குடும்பத்தை. என் பெரியம்மா இதைக் கேட்டால் சிரிப்பார். அவருடைய இடியப்பக் காசில் பெரியப்பாவின் படகு இயந்திரம் எத்தனை தரம் திருத்தப்பட்டது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கோட்பாட்டின் அலகையே மாற்றச் சொன்னது, நண்பர்களே, தரவு.

தெற்கில் கண்டதை நம் மாவட்டத்து மூதூருக்கு அப்படியே கொண்டுவர முடியாது என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். முடியாதுதான். அதற்கு மருந்து மூதூரிலும் ஒப்பிட்டுப் பார்ப்பதேயன்றி, பார்க்காமலே கோடு வரைவதல்ல.

ஒப்பீடு இல்லாத கொள்கைக்கு என்ன விலை என்பதை இந்த மாவட்டத்து வயல்களே அறியும். 2021இல் இரசாயன உர இறக்குமதி நாடு முழுவதற்கும் ஒரே வேளையில் தடுக்கப்பட்டது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாவட்டத்தையும் மிச்சம் வைக்கவில்லை. நவம்பரில் தடையைத் தளர்த்தியபோது பெரும்போகம் தொடங்கிவிட்டது; விளைச்சலும் பெருமளவு வீழ்ந்தது. கந்தளாயில் சில வாய்க்கால்களின் கீழுள்ள வயல்களை மட்டும் எழுமாறாகத் தெரிந்து, அவற்றில் ஒரு போகம் செய்து பார்த்திருந்தால், நட்டம் சில நூறு ஏக்கர்களோடு நின்றிருக்கும். அந்த விவசாயிகளுக்கு முன்கூட்டியே இழப்பீடும் ஒதுக்கியிருக்கலாம்.