ஆறாவது இடத்தில் ஓர் எழுத்து

மாணவ மாணவியர்க்கு வணக்கம்.

கரும்பலகையில் டி.என்.ஏ.வின் ஒன்பது எழுத்துகள் எழுதியிருக்கிறேன். சிசிடி – ஜிஏஜி – ஜிஏஜி. அதன் கீழே இன்னொரு வரி. சிசிடி – ஜிடிஜி – ஜிஏஜி. இரண்டையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். மேல் வரியில் நடுவே ஏ இருக்கும் இடத்தில், கீழ் வரியில் டி இருக்கிறது. வேறு மாற்றம் எதுவும் இல்லை. உட்கரு உள்ள நம் உடற்செல் ஒவ்வொன்றிலும் தாய் தந்த 300 கோடி எழுத்துகள், தந்தை தந்த 300 கோடி எழுத்துகள், அதற்குச் சற்று மேலேயே உண்டு. அவ்வளவு பெரிய சுவடியில் இந்த ஓர் எழுத்து இரண்டு பிரதியிலும் மாறியிருந்தால், அந்தக் குழந்தைக்குக் கதிர் அரிவாள் செல் சோகை, சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து அழியும் நோய்.

பாடப்புத்தகத்தில் டி.என்.ஏ.வின் அமைப்பு ஒரு பாடம், படியெடுத்தல் ஒரு பாடம், புரத உருவாக்கம் ஒரு பாடம், மெண்டல் தனிப் பாடம், ஆய்வக நுட்பங்கள் கடைசியில். தேர்வுக்காகத் தனித்தனியாகப் படித்து, தனித்தனியாக மறந்துவிடுகிறோம். இன்று அந்தப் பிரிவினை வேண்டாம். இந்த ஓர் எழுத்தின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாடத்துக்குள்ளும் நுழைந்து வெளியே வருவோம்.

இந்த நோயை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இது ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நம் நீலகிரி மலையின் பழங்குடி மக்களிடம் இந்தச் செல்களைக் கண்டு எழுதினார்கள். இந்தியாவிலிருந்து வந்த முதல் பதிவுகளில் அது ஒன்று. ஆகவே இது நம் மண்ணின் விஷயமும்தான்.

முதலில் முகவரி. சிவப்பணுவில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள்: இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. பீட்டா சங்கிலிக்கான மரபணு 11-ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், நுனிக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறது. நீளம் ஏறக்குறைய 1,600 எழுத்துகள். ஆனால் புரதத்துக்கான செய்தி எக்ஸான்கள் எனும் மூன்று துண்டுகளில்தான் இருக்கிறது. இடையில் இரண்டு இன்ட்ரான்கள். ஒன்று சுமார் 130 எழுத்து, மற்றது சுமார் 850. படியெடுத்தபின் அவற்றை வெட்டி எறிந்து எக்ஸான்களை ஒட்டினால், தொடக்கக் கோடான் முதல் நிறுத்தக் கோடான் வரை 444 எழுத்துகள் மிஞ்சும். கோடான் என்பது மூன்றெழுத்துச் சொல்; மூன்று மூன்றாக எண்ணினால் 148 கோடான். நிறுத்தக் கோடானுக்கு அமினோ அமிலம் கிடையாது, ஆக 147. சங்கிலியின் தலையில் வரும் மெத்தியோனின் பிறகு கத்தரிக்கப்பட்டுவிடும். மிச்சம் 146. பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் என்று மனப்பாடம் செய்தீர்களே, அந்தக் கணக்கு இதுதான்.

இங்கே ஒரு குழப்பம் பலரைக் கவிழ்க்கிறது. பழைய நூல்கள் மாற்றம் ஆறாவது அமினோ அமிலத்தில் என்கின்றன. இன்றைய மரபணு அறிக்கையை எடுத்தால் ஏழாவது என்று இருக்கும். இரண்டும் சரி. புரதத்தை நேரில் ஆராய்ந்தவர்கள் மெத்தியோனின் போன பிறகு எண்ணினார்கள். மரபணு வரிசையை வைத்து எண்ணுபவர்கள் அதையும் சேர்த்து எண்ணுகிறார்கள். அறிக்கையைப் படிக்கும்போது எந்த எண்முறை என்று பார்க்காவிட்டால், ஒரே மாற்றத்தை இரண்டு வெவ்வேறு மாற்றம் என்று நினைத்துவிடுவீர்கள்.

அடுத்தது படியெடுத்தல். நான் எழுதியிருப்பது குறியீட்டு இழை. ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் நொதி படிப்பது இதன் எதிரிழையை, அதாவது அச்சிழையை. அதில் ஜிஏஜி-க்கு நேரே சிடிசி இருக்கும். சிடிசி-யைப் படித்து, இணை எழுத்துகளைக் கோத்தால் தூது ஆர்.என்.ஏ.வில் ஜிஏஜி வரும். மாறிய மரபணுவில் எதிரிழை சிஏசி; தூதில் ஜியுஜி. விடைத்தாளில் அதிகம் காணும் பிழை, குறியீட்டு இழையையே அச்சிழையாக எண்ணிப் படியெடுப்பது. அப்படிச் செய்தால் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லியூசின் கிடைக்கும். விடை முழுவதும் கெட்டுப்போகும். தூது ஆர்.என்.ஏ. குறியீட்டு இழையைப் போலவே இருக்கும், டி வரும் இடத்தில் மட்டும் யு. இதை ஒரு தரம் சரிபார்த்தால் போதும்.

தூதைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோம் ஜிஏஜி-யைக் கண்டால் குளூட்டாமிக் அமிலத்தைக் கோக்கும், ஜியுஜி-யைக் கண்டால் வாலினைக் கோக்கும். ரைபோசோம் இங்கே தவறே செய்யவில்லை. எழுதியிருப்பதை அப்படியே படிக்கிறது.

எந்த எழுத்து மாறினாலும் நோய் வருமா? இதே கோடானை வைத்தே பார்க்கலாம். மூன்றாவது எழுத்து மாறி ஜிஏஏ ஆனால், அதுவும் குளூட்டாமிக் அமிலமேதான். புரதத்துக்கு ஒன்றும் ஆகாது. முதல் எழுத்து மாறி ஏஏஜி ஆனால் லைசின் வரும். அது ஹீமோகுளோபின் சி, அரிவாள் செல் சோகையைவிடச் சாதுவானது. அதே முதல் எழுத்து டி ஆகிவிட்டால் டிஏஜி. அது நிறுத்தக் கோடான், சங்கிலி ஆரம்பத்திலேயே அறுந்துவிடும். ஒரே கோடானில் நான்கு விதமான மாற்றம், நான்கு விதமான விளைவு. திடீர்மாற்றம் என்றாலே கேடு என்று எழுதாதீர்கள். எந்த இடத்தில், எந்த எழுத்து, எதுவாக மாறியது என்று கேளுங்கள்.

இனி வாலின் என்ன செய்கிறது என்று பார்ப்போம். குளூட்டாமிக் அமிலம் எதிர்மின்னூட்டம் கொண்டது, நீரோடு ஒட்டி உறவாடுவது. வாலின் எண்ணெய்ப் பசை போன்றது, நீரை விட்டு விலகி ஒதுங்க இடம் தேடுவது. அந்த ஆறாவது இடமோ புரதத்தின் வெளிப்புறத்தில் இருக்கிறது. ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனை இறக்கிவைத்தவுடன் அதன் வடிவம் சற்று மாறும். அப்போது பக்கத்து மூலக்கூறின் பீட்டா சங்கிலியில், 85-ஆம் இடத்து பினைல்அலனினும் 88-ஆம் இடத்து லியூசினும் சேர்ந்து ஒரு சிறு குழியைத் திறக்கின்றன. வாலின் அந்தக் குழிக்குள் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று, அதனோடு இன்னொன்று என்று கோத்துக்கொண்டே போய், 14 இழைகள் முறுக்கிய கயிறுபோல ஒரு நார் உருவாகிறது. ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நார்கள் வளர்ந்து உள்ளிருந்து குத்த, செல் கதிரறுக்கும் அரிவாள்போல் வளைகிறது. சாதாரணமாக 120 நாள் வாழவேண்டிய செல் 10 முதல் 20 நாளில் அழிகிறது. அதனால் சோகை. வளைந்த செல்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. அதனால் தாங்கமுடியாத வலி.

இந்த நார் உடனே உருவாவதில்லை. சிறிது தாமதம் உண்டு. செல் நுண்குழாயைக் கடந்து நுரையீரலுக்குத் திரும்பும்வரை அந்தத் தாமதம் தாக்குப்பிடித்தால் பிழைத்தது; ஆக்ஸிஜன் ஏறியதும் மூலக்கூறுகள் பழைய நிலைக்கு வந்துவிடும். அந்தத் தாமதம் ஹீமோகுளோபினின் செறிவை மிகக் கடுமையாகச் சார்ந்தது. செறிவு கொஞ்சம் ஏறினாலே தாமதம் பல மடங்கு சுருங்கிவிடும். உடலில் நீர் வற்றினால் செல்லுக்குள்ளும் நீர் குறையும், செறிவு ஏறும். இந்த நோயாளிகளிடம் மருத்துவர்கள் “தண்ணீர் நிறையக் குடியுங்கள், காய்ச்சல் வந்தால் அலட்சியம் வேண்டாம்” என்று திரும்பத் திரும்பச் சொல்வதன் அடியில் இருப்பது இந்த மூலக்கூற்றுக் கணக்கு.

மெண்டலுக்கு வருவோம். இரண்டு பிரதியில் ஒன்று மட்டும் மாறியவர் கடத்தி. அவருடைய ஹீமோகுளோபினில் ஏறக்குறைய 60 விழுக்காடு இயல்பானது, அதை ஏ என்போம்; 40 விழுக்காடு வாலின் ஏறியது, அதை எஸ் என்போம். பொதுவாக நோய் இல்லை. சரி, எஸ் அல்லீல், அதாவது மரபணுவின் எஸ் வடிவம், ஒடுங்கு பண்பா, ஓங்கு பண்பா? நோயை வைத்துக் கேட்டால் ஒடுங்கு. ஆக்ஸிஜனை அகற்றி நுண்ணோக்கியில் செல்லைப் பார்த்தால் கடத்தியின் செல்லும் வளைகிறது. அங்கே முழுமைபெறா ஓங்குத்தன்மை. புரதத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் தனித்தனிக் கோடாகத் தெரிகின்றன. அது இணை ஓங்குத்தன்மை. ஓங்கும் ஒடுங்கும் மரபணுவின் முதுகில் ஒட்டிய முத்திரைகள் அல்ல. நாம் எந்த மட்டத்தில் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தவை.

தாயும் தந்தையும் கடத்திகள் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இதை “நாலு பிள்ளையில் ஒன்றுக்கு வரும்” என்று குடும்பங்கள் புரிந்துகொள்கின்றன. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்குப் பயமில்லை என்று நம்பிவிடுகிறார்கள். அது ஆபத்தான நம்பிக்கை. ஒவ்வொரு கருவும் புதிதாகப் போடும் சீட்டு. நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கும் வராமலிருக்க வாய்ப்பு நான்கில் மூன்றை நான்கு முறை பெருக்கினால் கிடைக்கும்: 256-இல் 81, அதாவது சுமார் 32 விழுக்காடு. இன்னொன்று. நோயுள்ள ஒருவரின் நோயில்லாத தம்பி கடத்தியாக இருக்கும் வாய்ப்பு பாதி அல்ல, மூன்றில் இரண்டு. அவருக்கு நோய் இல்லை என்று ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் சமவாய்ப்புள்ள நான்கு கட்டத்தில் நோய்க்கான ஒன்றை அடித்துவிட வேண்டும்.

கேடு தரும் எழுத்து இவ்வளவு பரவியது எப்படி? 1954-இல் ஆன்டனி அலிசன், கடத்திகளுக்குக் கடும் மலேரியாவிலிருந்து பாதுகாப்பு இருக்கிறது என்று எழுதினார். மலேரியா நிலைத்திருந்த நிலங்களில் கடத்திகள் பிழைத்தார்கள், எழுத்தும் நிலைத்தது.

இந்த எழுத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் ஆய்வகத்தில் நிற்கப்போகும் உங்களுக்கு மிகவும் வேண்டியது. 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய அளவிலான ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது அதன் இலக்கு. உங்களில் சிலர் அந்த மாதிரிகளைக் கையில் எடுக்கக்கூடும்.

முதல் வடிகட்டல் கரைதிறன் சோதனை. 2 மில்லி வினைப்பொருளில் 20 மைக்ரோலிட்டர் ரத்தம். அதிலுள்ள சப்போனின் செல்லை உடைக்கும், சோடியம் டைதயோனைட் ஆக்ஸிஜனை அகற்றும், அடர்ந்த பாஸ்பேட் கரைசலில் எஸ் கரையாமல் கலங்கும். ஐந்து நிமிடம் கழித்துக் குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடியுங்கள். கோடு தெரிந்தால் எஸ் இல்லை, மறைந்தால் உண்டு. ஆனால் இது கடத்தியையும் நோயாளியையும் பிரித்துச் சொல்லாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதை நம்பக்கூடாது. அதன் ரத்தத்தில் கருக்கால ஹீமோகுளோபின் மிகுந்திருக்கும், எஸ் குறைவாக இருக்கும். சோகை மிகக் கடுமையாக இருந்தாலும் பொய்யாக ‘இல்லை’ என்று வரும். டைதயோனைட் பழசாகி வலுவிழந்தாலும் அதே கதி. ஆகவே ஒவ்வொரு தொகுதியிலும் எஸ் உண்டு என்று தெரிந்த ஒரு மாதிரியும், இல்லை என்று தெரிந்த ஒரு மாதிரியும் கூடவே ஓடவேண்டும்.

அடுத்தது மின்புலத்தில் பிரித்தல். 1949-இல் லைனஸ் பாலிங் குழுவினர் இந்த வழியில்தான் ஹீமோகுளோபினே வேறுபட்டது என்று காட்டி, ‘மூலக்கூற்று நோய்’ என்ற சொல்லைத் தந்தார்கள். பி.ஹெச். 8.6-இல் ஏ நேர்முனை நோக்கி முந்தி ஓடும். எதிர்மின்னூட்டம் இழந்த எஸ் பின்தங்கும். 1956-57-இல் வெர்னான் இங்கிராம் புரதத்தைத் துண்டுகளாக வெட்டித் தாளில் பரப்பினார். ஒரே ஒரு துண்டு இடம் மாறி நின்றது, அதிலிருந்து குளூட்டாமிக் அமிலம் வாலின் ஆனதைக் காட்டினார். மரபுக் குறியீடு அப்போது இன்னும் படிக்கப்படவில்லை. எழுத்தை அறியுமுன்பே அதன் விளைவை அறிந்திருந்தார்கள். நோயாளி சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தால், கொடையாளியின் ஏ கலந்து கடத்திபோலத் தெரிவார். மூன்று நான்கு மாதங்களுக்குள் ரத்தம் ஏற்றினார்களா என்று கேட்காமல் முடிவு எழுதாதீர்கள்.

கடைசியாக, எழுத்தையே நேராகப் படிப்பது. ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுப்போம். சிவப்பணுவிலிருந்து என்று சொல்லிவிடாதீர்கள், அதற்கு உட்கருவே இல்லை, வெள்ளையணுவிலிருந்துதான். ஈ.டி.டி.ஏ. கலந்த ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுங்கள். ஹெப்பாரின் குழாய் வேண்டாம், அது டி.என்.ஏ.வைப் பெருக்கும் டாக் பாலிமரேஸ் நொதியைத் தடுக்கும். சரியாகக் கழுவாமல் ஹீம் தங்கினாலும் தடுக்கும், டி.என்.ஏ. கரைசல் பழுப்பாக இருந்தால் மறுபடி கழுவுங்கள்.

டி.என்.ஏ. துண்டைப் பல கோடி பிரதியாகப் பெருக்கும் பி.சி.ஆர். கலவை 25 மைக்ரோலிட்டர்: டி.என்.ஏ. 50 முதல் 100 நானோகிராம், நியூக்ளியோடைடு ஒவ்வொன்றும் 200 மைக்ரோமோலார், மக்னீசியம் 1.5 மில்லிமோலார், பாலிமரேஸ் ஓர் அலகு, பெருக்கவேண்டிய துண்டின் இரு முனையிலும் ஒட்டும் இரண்டு முன்தொடர்கள். 95 பாகையில் இழை பிரியும், 55 முதல் 60-இல் முன்தொடர் ஒட்டும், 72-இல் நீளும். ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி, 30 சுழற்சி. கணக்குப்படி ஒரு பிரதி 107 கோடி ஆகும். அதனால்தான் முந்தைய வினையின் ஒரு துளித் தூசுகூடப் பொய் முடிவு தரும். டி.என்.ஏ.வுக்குப் பதில் வெறும் நீர் வைத்த குழாய் ஒன்று எப்போதும் கூட ஓடட்டும். அதில் பட்டை வந்தால் அன்றைய முடிவு அனைத்தையும் ஒதுக்கிவிடுங்கள்.

பெருக்கியதை டிடிஇ-ஒன்று என்ற வெட்டு நொதியிடம் 37 பாகையில் கொடுங்கள். அது சி-டி, பிறகு ஏதேனும் ஓர் எழுத்து, பிறகு ஏ-ஜி என்ற வரிசையைக் கண்டால் வெட்டும். பலகையைப் பாருங்கள்: மேல் வரியில் சிடிஜிஏஜி இருக்கிறது, வெட்டும். கீழ் வரியில் சிடிஜிடிஜி, வெட்டாது. நாம் பெருக்கிய துண்டு 300 எழுத்து, வெட்டுமிடம் 200-இல் என்று வைத்துக்கொள்வோம். துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் 2.5 விழுக்காடு அகரோஸ் கூழில் மின்சாரத்தால் ஓட்டினால் இயல்பானவருக்கு 200, 100; நோயாளிக்கு 300 மட்டும்; கடத்திக்கு மூன்றும். அகரோஸைத் தாங்கற்கரைசலில் கரையுங்கள். அவசரத்தில் வெறும் நீரில் கரைத்தால் மின்சாரம் சரியாகப் பாயாது, பட்டை குலையும்.

இங்கே பெரிய பள்ளம் ஒன்று. நொதி பாதிதான் வெட்டியது என்று வையுங்கள். இயல்பானவரின் துண்டில் கொஞ்சம் 300-ஆகவே நிற்கும். மூன்று பட்டை தெரியும். அவரைக் கடத்தி என்று எழுதிவிடுவோம். ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சே அந்தத் தாளால் நிற்கக்கூடும். எனவே இயல்பானது என்று உறுதியான மாதிரி ஒன்றை அதே நொதியில், அதே நேரத்தில் வெட்டுங்கள். அதில் 300 மிஞ்சினால் முடிவு செல்லாது. உண்மைக் கடத்தியிடம் 300 பட்டை எதிர்பார்த்ததைவிடத் தடிப்பாகத் தெரிந்தால் திகைக்கவேண்டாம். கடைசிச் சுழற்சிகளில் ஏ இழையும் எஸ் இழையும் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும், அந்தக் கலப்பு இணையை நொதி வெட்டாது.

சிகிச்சைக்கும் இந்த எழுத்துக்கும் உள்ள உறவையும் சொல்லிவிடுகிறேன். கருக்கால ஹீமோகுளோபினில் பீட்டாவுக்குப் பதில் காமா சங்கிலி. அது நாரில் சேராது. ஹைட்ராக்ஸியூரியா மருந்து அதைக் கூட்டுகிறது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதித்த, மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் சிகிச்சையும் இதே வழிதான். நோயாளியின் எலும்பு மஜ்ஜைக் குருத்தணுக்களை வெளியே எடுத்து, காமாவை அணைத்துவைக்கும் பி.சி.எல்.11ஏ மரபணுவின் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதியைச் சிதைத்துத் திரும்பச் செலுத்துகிறார்கள். 11-ஆம் குரோமோசோமில் டி ஆகிவிட்ட எழுத்து டி-யாகவே இருக்கிறது. சினைமுட்டையையும் விந்தணுவையும் அந்தச் சிகிச்சை தொடுவதில்லை. வலியெல்லாம் நீங்கி நலமாக வாழும் அந்த நோயாளி பெறும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் எஸ் போய்ச் சேரும். ஆகையால் அவருடைய துணைவரின் ரத்தத்தையும் நீங்கள் மேலே சொன்னபடி சோதித்தாக வேண்டும்.