மாப்பிள்ளைத் தோழன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஜெர்மானிய வயோலா கலைஞர் பால் ஹிண்டெமித்தின் பெருமை மேடையிலா, வகுப்பறையிலா? மேடையில்தான் என்று பேச வந்திருக்கிறேன். வயோலா என்பது வயலினைப் போன்ற, ஆனால் சற்றே பெரிய, தணிந்த குரல் கொண்ட வாத்தியம்.

எதிரணித் தலைவர் ஆசிரியப் பணியை அடுக்கினார். 1927இல் பெர்லினில் பேராசிரியர், பிறகு துருக்கியின் இசைக்கல்விக்குத் திட்டம், 1953 வரை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். அத்தனையும் உண்மை. ஆனால் போகிற போக்கில் ஒன்று சொன்னாரே, அதை விடமாட்டேன். "வயோலா மாப்பிள்ளைத் தோழனைப் போல. பக்கத்தில் உட்காரலாம், தாலி கட்ட முடியாது. வயலினில் தேறாதவர் கையில் எடுப்பது" என்றார். நீங்களும் சிரித்தீர்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

ஐயா, ஹிண்டெமித் வயலினில் தேறாதவரா? இருபது வயதை ஒட்டியே ஃப்ராங்ஃபர்ட் ஆபரா இசைக்குழுவில் முதல் வயலின் நாற்காலியில் அமர்ந்தவர் அவர். மாப்பிள்ளையாக மணவறையில் இருந்தவர், தாமாக எழுந்துபோய் வயோலாவை எடுத்துக்கொண்டார். அமார் நால்வர் குழுவில் தம்பி ருடால்ஃப் செலோ வாசிக்க, அண்ணன் கையில் வயோலா. 1929இல் வில்லியம் வால்டன் எழுதிய வயோலா கான்செர்ட்டோவை, அதாவது வயோலா முன்னிற்க இசைக்குழு துணைவரும் படைப்பை, லயனல் டெர்டிஸ் என்ற பெரிய கலைஞர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். லண்டன் மேடையில் அதை முதன்முதலாக வாசித்தவர் ஹிண்டெமித். இன்னும் கேளுங்கள். 1935இல் தமக்கென்று வயோலா கான்செர்ட்டோ ஒன்றை எழுதினார். அதன் இசைக்குழுவில் வயலினே கிடையாது! இந்தத் தோழன் மாப்பிள்ளையான கல்யாணத்தில் வயலின்களுக்குப் பத்திரிகையே வைக்கவில்லை, ஐயா!

அந்தக் கல்யாணம் லண்டனில் எப்படி நின்றுபோனது என்பதைச் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன். 1936 ஜனவரி. அதே கான்செர்ட்டோவை வாசிக்க ஹிண்டெமித் லண்டன் வந்திருக்கிறார். கச்சேரி 22ஆம் தேதி. 20ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் வேளையில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இறந்துவிட்டார். கச்சேரி ரத்து. வேறொருவர் என்றால் வயோலாவைப் பெட்டியில் வைத்து ஊருக்கு டிக்கெட் எடுத்திருப்பார். பிபிசிக்காரர்கள் விடவில்லை. நீங்கள் வானொலியில் வாசிக்கத்தான் வேண்டும் என்றார்கள். எதை வாசிப்பது? மணிக்கணக்கில் தேடினார்கள். துக்க வீட்டுக்குப் பொருந்தும் ஒரு துண்டு இசைகூட அகப்படவில்லை.

சரி, எழுதிவிடுவோம் என்றார்கள். பிபிசியில் ஓர் அறை கொடுத்தார்கள். காலை 11 மணிக்கு உட்கார்ந்தார். மாலை 5 மணிக்கு எழுந்தார். ஆறே மணி நேரம், நடுவர் அவர்களே! வயோலாவுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் நான்கு பகுதிகளில் ஓர் இரங்கல் இசை. மன்னர் மறைந்து 48 மணி நேரத்துக்குள் இசைக்குழுவை ஏட்ரியன் போல்ட் நடத்த, ஹிண்டெமித்தே வாசிக்க, அது வானொலியில் ஒலித்தது. வயலின்கள் இருந்தன ஐயா, ஆனால் அன்று தோழன்கள் அவர்கள்தாம்!

நான்காம் பகுதியைச் சொல்ல வேண்டும். அங்கே பழைய இசைமேதை பாஹ் கையாண்ட ஜெர்மானியப் பக்திப்பாட்டு ஒன்றை வைத்தார். 'உமது அரியணையின் முன் வந்து நிற்கிறேன்' என்று தொடங்கும் பாட்டு. அதே மெட்டில் இங்கிலாந்தின் தேவாலயங்களில் தலைமுறை தலைமுறையாக பைபிளின் நூறாம் சங்கீதத்தைப் பாடுகிறார்கள். அது அவருக்குத் தெரியாது! தம் ஊர்ப் பாட்டென்று எழுதினார். கேட்டவர்களுக்கோ சிறுவயதில் தாயின் கைப்பிடித்து நின்று பாடிய பாட்டு.

இன்னொன்று. இந்த ஹிண்டெமித்தின் தந்தை 1915இல் ஜெர்மானியச் சிப்பாயாகப் போரில் மாண்டவர். மகனும் அதே போரில் சீருடை அணிந்தவர். அப்போது எதிரி நாட்டின் அரியணையில் இருந்தவர் யார்? இதே ஐந்தாம் ஜார்ஜ். தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, எதிரி மன்னனின் சாவுக்குத் தன் கையால் இழவிசை எழுதி, தன் கையால் வாசித்தான். அதே 1936இல் அவருடைய இசையை அவருடைய தாய்நாடே தடை செய்தது.

வகுப்பறையைப் பற்றி நான் இனி ஒன்றும் பேசப்போவதில்லை. எட்டு நிமிடம்தான் ஓடும் அந்த இரங்கல் இசை. தீர்ப்பு எழுதும் முன் அந்தக் கடைசிப் பகுதியை ஒருமுறை கேட்டுவிடுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.