நம்ம ஏரியா பையன்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிப் பேச்சாளர்களுக்கும், கரும்பைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். மணி நடுவர் பக்கத்தில் இருக்கிறது, அவர் கை அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் வணக்கம் இத்தோடு முடிந்தது.

2025 தை பிறந்துவிட்டது. ஐ.எஸ்.எல். கால்பந்து லீகில் ஆடும் நம் ‘சென்னையின் எஃப்சி’ அணி, இந்த சீசனில் கோப்பைக்கான கடைசிக் கட்டமான பிளே-ஆஃபுக்குள் நுழைய முதலில் தேவைப்படுவது வெளிநாட்டு நட்சத்திரமா, நம் ஊர் வீரரா? இதுதான் தலைப்பு. நான் நம் ஊர் வீரர் பக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் பிரமாதமாகப் பேசினார். 2014இல் எலானோ 8 கோல், 2015இல் மென்டோசா 13 கோல், 2019-20இல் வால்ஸ்கிஸ் 15 கோல் என்று அடுக்கினார். மூன்று பேரும் அதிக கோல் போட்டவருக்கான தங்க ஷூ வாங்கியவர்கள், மூன்று பேரும் வெளிநாட்டவர்கள். உங்களோடு சேர்ந்து நானும் கை தட்டினேன். மென்டோசா பெயரைக் கேட்டுக் கை தட்டாதவர் நம் ரசிகராக இருக்க முடியாது. அண்ணன் அதோடு உட்கார்ந்திருக்கலாம். போகிற போக்கில் ஒன்று சொன்னார். “வியாசர்பாடிப் பசங்களை நம்பி பிளே-ஆஃப் போக முடியுமா? கோட்டுக்கு வெளியே நின்னு பந்து பொறுக்கிப் போடலாம், அவ்வளவுதான்.” நீங்களும் சிரித்தீர்கள்.

பந்து பொறுக்கிப் போடுகிறவன்! அண்ணே, உங்களை 2018 மார்ச் 13ஆம் தேதிக்குக் கூட்டிப் போகிறேன். வாங்க.

செவ்வாய்க்கிழமை ராத்திரி. பெரியமேடு நேரு ஸ்டேடியம். கோவாவோடு அரையிறுதி, இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் கோவாவில் 1-1. அந்த ஒரு கோலைப் போட்டவர் அனிருத் தாப்பா, டேராடூன் பையன், சின்ன வயதிலேயே நம் அணிக்கு வந்து இங்கேயே வளர்ந்தவர். சரி, அது தனிக் கதை. அன்றைக்கு என் பக்கத்து இருக்கையில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறார், மடியில் டிபன் டப்பா. ஸ்டேடியமே கத்துகிறது, மனிதர் வாயே திறக்கவில்லை. நம் அணியின் ஜேஜே முதல் கோலைப் போடுகிறார். எல்லோரும் எழுந்து குதிக்கிறோம். இவர் லேசாகச் சிரித்துவிட்டு டப்பாவைச் சரிசெய்துகொள்கிறார். இப்படியும் ஒரு ரசிகரா என்று நினைத்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, இரண்டாவது கோல். போட்டவர் தனபால் கணேஷ். வியாசர்பாடி.

டிபன் டப்பா கீழே உருண்டது. அவர் கத்தவில்லை, குதிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “நம்ம ஏரியா பையன்மா” என்றார். “அப்படியா சார்” என்றேன். அந்தப் பக்கம் திரும்பினார். “நம்ம ஏரியா பையன்.” எழுந்து பின்வரிசைக்குத் திரும்பி ஒவ்வொருவராகப் பார்த்துச் சொன்னார். “நம்ம ஏரியா பையன், நம்ம ஏரியா.” தண்ணீர் விற்றுக்கொண்டு வந்த தம்பியை நிறுத்திச் சொன்னார். அவன் காசு வாங்கவே மறந்துவிட்டு இன்னொருவரிடம் போய்ச் சொல்கிறான், “கோல் போட்டவர் இவரு ஏரியாவாம்!” இடைவேளையில் கீழே இறங்கிப் போனார். டீக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் போலீஸ்காரர் களத்துக்கு முதுகைக் காட்டி நிற்கும் டியூட்டியில் இருந்தவர், கோலையே பார்க்கவில்லை. இவர் கையைக் காலை ஆட்டி நடித்துக் காட்டுகிறார். பார்த்தவர்களுக்குக் கிடைக்காத கோல் அந்தப் போலீஸ்காரருக்குக் கிடைத்தது, நடுவர் அவர்களே!

இன்னும் இருக்கிறது. ஆட்டம் 3-0. ஜேஜே கடைசியில் இன்னொன்று போட்டார். இறுதிப் போட்டிக்குப் போய்விட்டோம். வெளியே வந்து பஸ் ஏறினால் அதே பஸ்ஸில் அவர். கண்டக்டர் வருகிறார். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால், “இன்னைக்கு செமிஃபைனல்ல கோல் போட்டது நம்ம ஏரியா பையன்.” கண்டக்டருக்கு கால்பந்தும் தெரியாது, கணேஷும் தெரியாது. நல்ல மனிதர், கேட்டார். “அந்தப் பையன் உங்களுக்கு என்ன வேணும்? தம்பியா, மகனா?”

அவர் சொன்னார்: “ஒண்ணும் வேணாம் சார். அதே ஏரியா.”

எதிரணி அண்ணே, உங்கள் எலானோவுக்கு இப்படி ஒருவர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்திருக்கிறாரா? மென்டோசாவுக்கு? அவர்களை நாம் கொண்டாடினோம், மனதாரக் கொண்டாடினோம். ஆனால் வெளிநாட்டு நட்சத்திரம் கல்யாணத்துக்கு எடுக்கும் வாடகைப் பாத்திரம். விருந்து மணக்கும், மறுநாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எலானோ போனார், மென்டோசா போனார், வால்ஸ்கிஸ் ஒரே சீசனில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார்.

பந்து பொறுக்கிப் போடுகிறவன் என்றாரே, அதை விடமாட்டேன். கோட்டோரம் நிற்கும் அந்தப் பையனுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது தெரியுமா? அவனும் பந்து ஆடுகிறவன். தொண்ணூறு நிமிடமும் கண்ணை எடுக்காமல் நிற்பான். ஒரு டிஃபெண்டர் எப்போது ஏறுகிறார், எப்போது பின்வாங்குகிறார் என்பதைப் பத்தடி தூரத்தில் பார்த்துக்கொண்டிருப்பவன். காசு கொடுத்து உட்கார்ந்த எனக்குக்கூட அந்தப் பாடம் கிடைக்காது. அவனைப் பார்த்துச் சிரிக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

(கைதட்டலுக்கு நன்றி. நடுவர் மணியைத் தொடுகிறார், கொஞ்சம் பொறுங்கள் ஐயா.)

இப்போது கணக்கு. எதிரணி கேட்கும் என்று தெரியும். 2015இல் முதல் கோப்பையை வென்றபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம், ஐந்து பேர் இந்தியர்கள். 2018இல் இரண்டாவது கோப்பை, வெளிநாட்டவர் ஐந்து, இந்தியர் ஆறு. 2021-22 முதல் வெளிநாட்டவர் நான்கு, இந்தியர் ஏழு. பதினொருவரில் ஏழு பேர் நம்மவர்கள்! நான்கு நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு ஏழு இடத்தை எதைக்கொண்டு நிரப்புவீர்கள்? நம் வெளிநாட்டவர்களில் வில்மார் ஜோர்டான் கோல் போடுகிறார், கானர் ஷீல்ட்ஸ் எடுத்துக் கொடுக்கிறார், அதில் எனக்குக் குறையே இல்லை. ஜாம்ஷெட்பூரில் போய் 5-1 ஜெயித்த அணி இது. ஆனால் கொச்சியில் மூன்று கோல் வாங்கினோம். சொந்த மண்ணில் பெங்களூரிடம் நான்கு வாங்கினோம். நடுக்களத்தில் நின்று எதிராளியின் பந்தைப் பறித்து, தடுப்புக்கு முன்னால் சுவராக நிற்கும் ஓர் இந்திய வீரர் நமக்கு இன்றைக்கு வேண்டும். அந்த வேலையை அன்றைக்குச் செய்தவர் யார்? பெயரைச் சொல்லவே மாட்டேன். பஸ்ஸில் போனவர் சொல்வார்.

2018-19இல் என்ன ஆயிற்று? முந்தைய சீசனில், பெங்களூரில் நடந்த இறுதிப் போட்டியில் இரண்டு கோல் போட்ட மைல்சன் இருந்தார். மூன்றாவது கோலைப் போட்ட ரஃபேல் அகஸ்டோ இருந்தார். பயிற்சியாளர் ஜான் கிரகரியும் அவரேதான். கணேஷ் மட்டும் காயத்தால் லீகில் ஆடவில்லை. நடப்புச் சாம்பியன் 18 ஆட்டத்தில் 9 புள்ளி, கடைசி இடம்! காரணம் நூறு இருக்கலாம் என்பார் அண்ணன். இருக்கட்டும். அதே 2018-19இல் கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி என்ற வேறொரு அணி, ஐ-லீக் என்னும் இன்னொரு தேசிய லீகின் கோப்பையை வென்றது. மான்ஸி என்ற வெளிநாட்டு வீரர் கோலாகப் போட்டுத் தள்ளினார், மறுக்கவில்லை. ஆனால் எட்வின் சிட்னி போன்ற நம் பையன்கள் அவரோடு தோளுக்குத் தோள் நின்றார்கள். அதற்கடுத்து நம் அணி எட்வினைக் கூட்டிக்கொண்டு வந்தது, அதே சீசனில் இறுதிப் போட்டி வரை போனோம். 2023இல் எட்வினும் கொல்கத்தா போய்விட்டார், தாப்பாவும் கொல்கத்தா போய்விட்டார். வளர்ப்பது நாம், அனுப்பி வைப்பதும் நாமா?

அப்புறம் பெண்கள். இதை எந்தப் பட்டிமன்றத்திலும் யாரும் சொல்வதில்லை, நான் சொல்வேன். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி மணிப்பூரை இறுதியில் 2-1 என வென்று தேசிய சாம்பியன் ஆனது. 2019இல் மதுரையின் சேது எஃப்சி இந்திய மகளிர் லீகை வென்றது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் எவ்வளவு பெரிய கோட்டை என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஆளில்லை என்று இந்த மண்ணைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

இந்த சீசனில் பதின்மூன்று அணிகள், ஒவ்வொன்றுக்கும் 24 ஆட்டம். முதல் ஆறு அணிகளுக்கு வழி. முதல் இரண்டு நேரே அரையிறுதிக்குப் போகும், மற்ற நான்கும் இரண்டிரண்டாக ஒரே ஆட்டத்தில் மோத வேண்டும். போன சீசனில் ஆறாவதாக ஏறி, கோவாவில் 2-1 என்று தோற்றுத் திரும்பினோம். இன்றைக்குப் பட்டியலின் கீழ்ப்பாதியில் இருக்கிறோம். இதுவரை நான்கு வெற்றி. புவனேஸ்வர், குவாஹாத்தி, ஜாம்ஷெட்பூர் என்று வெளியூரில் மூன்று. நம் வீட்டில் ஹைதராபாத்தை வென்றது மட்டும்தான். ஐ.எஸ்.எல்.லுக்குப் புதிதாக வந்த கொல்கத்தா அணி மொஹம்மடன் தன் முதல் வெற்றியை நம் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போனது. வெளியூரில் ஜெயிக்கிற அணி சொந்த ஸ்டேடியத்தில் ஏன் திணறுகிறது? பி ஸ்டாண்டில் மேளம் அடிக்கும் பிள்ளைகளைத் தவிர்த்துப் பாருங்கள். காலி நாற்காலிகள். பெரம்பூரும் புளியந்தோப்பும் வியாசர்பாடியும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அந்தத் தெருக்களிலிருந்து ஒரு பையன் இறங்கி ஆடட்டும், அந்த நாற்காலிகள் நிரம்புகின்றனவா இல்லையா பாருங்கள். நிரம்பிய ஸ்டேடியத்தில் ஹைதராபாத்தோடு நிறுத்துவோமா? ஆறாவது இடம் எட்டாத உயரமா?

நான் வடசென்னைக்காரி. எங்கள் பக்கத்து மைதானத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆடுவார்கள். அவர்களுக்கு ஒரே ஜோடி பூட்ஸ். அண்ணன் வலது காலில் போட்டுக்கொள்வான், தம்பி இடது காலில். தம்பி இடதுகாலன், அதனால் சண்டை வரவில்லை. மறு காலில் இரண்டு பேருக்கும் வெறும் சாக்ஸ். அவர்கள் அம்மா காலையில் தெருமுனையில் இட்லி விற்பார். “ரெண்டு பேருக்கும் தனித்தனியா வாங்கித் தந்துட்டா எனக்கு வேற ஆசை இல்ல” என்பார். வாங்கியும் தந்தார். அதற்குள் பெரியவனுக்கு வயது ஏறிவிட்டது. டிரையல் என்று எங்கெங்கோ போனான், யாரும் இரண்டாவது முறை கூப்பிடவில்லை. இன்றைக்கு முதுகில் உணவு டெலிவரி பை. மேட்ச் நடக்கிற ராத்திரியில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றித்தான் ஓட்டுகிறான். கோல் சத்தம் கேட்டால் வண்டியை ஓரம் கட்டி, “யாருக்கா போட்டது?” என்று எனக்கு போன் பண்ணுவான். ஒவ்வொரு முறையும் நான் ஒரு பெயரைச் சொல்கிறேன். நல்ல வீரர்கள், நல்ல பெயர்கள். “சரிக்கா” என்று வைத்துவிடுவான்.

அண்ணனின் 15 கோல் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. ஆனால் இந்த போனுக்கு அண்ணனிடம் என்ன பதில் இருக்கிறது?

தம்பி இன்னும் ஆடுகிறான். பதினேழு வயது. அந்த இடது காலை நான் பார்த்திருக்கிறேன், நம்பிச் சொல்கிறேன். குமரிமுனை தூத்தூர் கரையில் வலையை மடித்து வைத்துவிட்டு மணலில் ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கரை மைக்கேல் சூசைராஜை இந்திய அணி வரைக்கும் அனுப்பிய கரை. அங்கேயும் ஒரு தம்பி காத்துக்கொண்டிருப்பான்.

நடுவர் ஐயா, ஜனவரி மாதம், வீரர்களை வாங்கும் ஜன்னல் திறந்திருக்கிறது. கோடி கொடுத்து இன்னொருவரைக் கொண்டு வாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அதற்கு முன்னால் இந்த ஊரிலிருந்து ஒருவனை, ஒரே ஒருவனை, பெஞ்சில் உட்கார வைக்காமல் களத்தில் இறக்குங்கள் என்று தீர்ப்பு எழுதுங்கள். டெலிவரி பையோடு ஓடும் அந்த அண்ணனை எனக்கு போன் பண்ணிக் கேட்க வையுங்கள், “யாருக்கா போட்டது?” என்று. நான் சொல்ல வேண்டிய பதிலைத்தான் நீங்கள் தீர்ப்பாகச் சொல்லப் போகிறீர்கள் என்ற நம்பிக்கையோடு உட்காருகிறேன். நன்றி, வணக்கம்.