இஸ்லாமியரைக் கத்தோலிக்கர் எந்தக் கண்ணோடு பார்ப்பது?

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து நின்று, “டீச்சர், முஸ்லிம்களும் நாமளும் ஒரே கடவுளைத்தான் கும்பிடுறோமா?” என்று கேட்டால், பெரியவர்கள் பலர் தடுமாறிப் போகிறோம். ஆமாம் என்றால் நம் விசுவாசத்தைக் குறைத்துவிட்டோமோ என்று ஒரு பயம். இல்லை என்றால் பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தை அவமதித்தது போல ஒரு சங்கடம். திருச்சபை இந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்லி அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பதில் நம் பங்குகளுக்கு இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

1965 அக்டோபர் 28ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் கூடியிருந்த ஆயர்கள் கிறிஸ்தவம் அல்லாத சமயங்களைப் பற்றிய ஓர் அறிக்கைக்கு வாக்களித்தார்கள். ஆதரவு 2221, எதிர்ப்பு 88. லத்தீனில் அதற்கு நோஸ்த்ரா ஏத்தாத்தே என்று பெயர். மிகச் சிறிய ஏடு; உட்கார்ந்தால் கால்மணி நேரத்தில் படித்துவிடலாம். அதன் மூன்றாம் எண் முழுக்க இஸ்லாமியரைப் பற்றியது. திருச்சபை அவர்களை மதிப்போடு நோக்குகிறது என்று அது தொடங்குகிறது. விண்ணையும் மண்ணையும் படைத்த, இரக்கமுள்ள ஒரே கடவுளை அவர்கள் வழிபடுகிறார்கள். ஆபிரகாமைப் போல அவர் திருவுளத்துக்குத் தங்களை ஒப்படைக்க முயல்கிறார்கள். இயேசுவை இறைவாக்கினராகப் போற்றுகிறார்கள். கன்னித்தாய் மரியாவை மதிக்கிறார்கள். செபம், தர்மம், நோன்பு ஆகியவற்றால் கடவுளுக்கு ஊழியம் செய்கிறார்கள் என்கிறது. அதற்கு ஓர் ஆண்டு முன்பு, 1964 நவம்பரில் வந்த திருச்சபை பற்றிய கோட்பாட்டு விளக்கம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. இறுதி நாளில் நமக்குத் தீர்ப்பு வழங்கப் போகிற கடவுளை அவர்கள் நம்மோடு சேர்ந்து வழிபடுகிறார்கள் என்கிறது. திருச்சபையின் மறைக்கல்வி நூலிலும் 841ஆம் எண்ணில் அதே போதனை இருக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளைக்கு ஆசிரியர் தயங்காமல் ஆமாம் என்று சொல்லலாம்.

சரி, அப்படியானால் இரண்டு மதமும் ஒன்றுதானா? இல்லை. திருக்குர்ஆனின் 19ஆம் அதிகாரத்துக்கு மர்யம் என்றே பெயர். அந்த நூலில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் நம் அன்னை மரியாதான். ஆனால் அதே நூல் இயேசு கடவுளின் மகன் என்பதை ஏற்பதில்லை, மூவொரு இறைவனை ஏற்பதில்லை, அவர் சிலுவையில் கொல்லப்பட்டார் என்பதையும் மறுக்கிறது. நமக்கோ சிலுவையும் உயிர்ப்பும் இல்லாமல் விசுவாசமே இல்லை. சங்கம் இதை ஒளிக்கவில்லை; இயேசுவைக் கடவுளாக அவர்கள் ஏற்பதில்லை என்று அதே எண்ணில் சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறது. வித்தியாசத்தை மூடி மறைத்துச் செய்கிற நட்பு முதல் சோதனையிலேயே உடைந்துவிடும். எனக்குத் தெரிந்த பக்தியுள்ள முஸ்லிம்கள் யாரும் நாம் நம் விசுவாசத்தை மழுப்ப வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. தங்கள் ஈமானை அவர்கள் மழுப்புவதும் இல்லை.

இது 1965இல் திடீரென்று முளைத்த புதுமை என்று சிலர் சொல்கிறார்கள். அந்த அறிக்கையின் அடிக்குறிப்பைப் பார்த்தால் போதும். 1076ஆம் ஆண்டு திருத்தந்தை ஏழாம் கிரகோரி எழுதிய ஒரு கடிதத்தை அது சுட்டுகிறது. இன்றைய அல்ஜீரியாவை ஆண்ட முஸ்லிம் மன்னர் அல் நாசிர், தன் நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு ஓர் ஆயரைத் திருநிலைப்படுத்தித் தரும்படி கேட்டு, சிறைப்பட்டிருந்த கிறிஸ்தவர்களையும் விடுவித்து அனுப்பியிருந்தார். அவருக்கு எழுதிய பதிலில், வேறுபட்ட முறைகளில் என்றாலும் நாம் இருவரும் ஒரே கடவுளை நம்பி அறிக்கையிடுகிறோம் என்றார் திருத்தந்தை. முதல் சிலுவைப்போருக்கு அழைப்பு போனது அதற்கு 19 ஆண்டுகள் கழித்து, 1095இல். எத்தனை சீக்கிரம் மறந்துவிட்டோம் என்று எனக்கு வருத்தமாக இருக்கும்.

சண்டைகளின் கணக்கில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு. முத்துக்குளித்துறையில் பரதவருக்கும் முஸ்லிம்களுக்கும் 1530களில் மூண்ட மோதலின் பின்னணியில்தான் பரதவர்கள் போர்த்துக்கீசரின் பாதுகாப்பைத் தேடிப் போய்த் திருமுழுக்குப் பெற்றார்கள். பழைய பகைகளை விட்டுவிட்டு, ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள உண்மையாக உழையுங்கள் என்று சங்கம் கேட்டபோது, அது தூத்துக்குடிக்கும் காயல்பட்டினத்துக்கும் சேர்த்துத்தான் கேட்டது.

இந்தப் போதனையைத் தங்கள் வாழ்க்கையால் எழுதிக் காட்டியவர்கள் உண்டு. அதே அல்ஜீரியாவில், மெதேயா நகருக்கு அருகில் அட்லஸ் மலைச்சரிவில் திபிரின் என்ற ஊர். அங்கே அட்லஸ் அன்னை மடம். திராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கச் சபையின் துறவிகள் சிலர் அங்கே இருந்தார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் முஸ்லிம்கள். லுக் சகோதரர் மருத்துவர். 1946 முதல் மடத்து மருந்தகத்தில் வந்தவர்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தார். ஊருக்குப் பள்ளிவாசல் இல்லாத காலத்தில், மடத்திலேயே ஓர் அறையைத் தொழுகைக்கு விட்டுக் கொடுத்தார்கள். மணியோசையும் பாங்கும் ஒரே வளாகத்திலிருந்து கேட்டன.

மடத்துத் தலைவர் கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே. அல்ஜீரிய விடுதலைப் போரின்போது இளம் பிரெஞ்சு அதிகாரியாக அங்கே பணியாற்றியவர். அப்போது முகமது என்ற நண்பர், பத்துப் பிள்ளைகளின் தந்தை, ஆயுதம் ஏந்தியவர்களிடமிருந்து இவரைக் காப்பாற்றினார். மறுநாள் அந்த முகமது கொலையுண்டு கிடந்தார். ஒரு முஸ்லிம் தனக்காக உயிர் கொடுத்தார் என்பதைக் கிறிஸ்தியான் கடைசி வரை மறக்கவில்லை. பிற்பாடு ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் இவரிடம் ஆன்மிகம் பேச அடிக்கடி வருவார். நாமிருவரும் கிணறு தோண்டி நாளாயிற்று என்பார் அவர். ஆழமாகப் பேசி நாளாயிற்று என்று அர்த்தம். ஒருநாள் கிறிஸ்தியான் விளையாட்டாகக் கேட்டார்: கிணற்றின் அடியில் என்ன கிடைக்கும், முஸ்லிம் தண்ணீரா, கிறிஸ்தவத் தண்ணீரா? இவ்வளவு நாள் சேர்ந்து நடந்துவிட்டு இன்னமும் இதைக் கேட்கிறீர்களே, கடவுளின் தண்ணீர்தான் கிடைக்கும் என்றார் அந்த இளைஞர்.

அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது. 1993 நவம்பர் இறுதிக்குள் வெளிநாட்டினர் எல்லாரும் வெளியேற வேண்டும் என்று தீவிரவாத ஆயுதக் குழு ஒன்று கெடு விதித்தது. டிசம்பர் 14 அன்று மடத்துக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில் குரோவாசியத் தொழிலாளர்கள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய இரவு, அந்தக் குழுவினரே மடத்துக் கதவைத் தட்டினார்கள். மருத்துவரை அனுப்பு, மருந்து கொடு, பணம் கொடு என்று கேட்டார்கள். இது அமைதியின் வீடு, ஆயுதத்தோடு இங்கே யாரும் நுழைந்ததில்லை, பேச வேண்டுமென்றால் வெளியே போய்ப் பேசலாம் என்றார் கிறிஸ்தியான். வெளியே நின்றபடி, மருத்துவர் வயதானவர், வரமாட்டார். காயம்பட்டவர் யார் வந்தாலும் பார்ப்பார் என்று சொன்னார். இன்று இரவு அமைதியின் அரசர் பிறந்த விழாவுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னார். தெரியாது, மன்னியுங்கள் என்று சொல்லிவிட்டு அந்தக் குழுவின் தலைவன் திரும்பிப் போனான்.

துறவிகள் ஊரை விட்டுப் போகவில்லை. 1996 மார்ச் 27 அதிகாலையில் ஆயுதம் ஏந்தியவர்கள் வந்து துறவிகள் ஏழு பேரைக் கடத்திச் சென்றார்கள். மே மாதம் அவர்கள் கொல்லப்பட்ட செய்தி வந்தது. கிறிஸ்தியான் முன்பே ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். என்னைக் கொன்றால் அதற்காக அல்ஜீரிய மக்களையும் இஸ்லாமையும் பழிக்காதீர்கள், தீவிரவாதிகளின் சித்தாந்தம்தான் இந்த மதம் என்று சொல்லி மனச்சாட்சியைத் தேற்றிக்கொள்வது மிக எளிது என்று அதில் இருக்கிறது. தன்னைக் கொல்லப் போகிறவரையும் நண்பரே என்று அழைத்து, அவருக்கு மன்னிப்பு எழுதியிருந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று ஓரான் ஆயர் பியர் கிளாவெரியைக் குண்டு வைத்துக் கொன்றபோது, உடன் இறந்தவர் அவருடைய முஸ்லிம் ஓட்டுநர், 21 வயது முகமது பூஷிகி. அந்த ஆண்டுகளில் அல்ஜீரியாவில் கொல்லப்பட்ட இமாம்களே நூற்றுக்கும் மேல். 2018 டிசம்பர் 8 அன்று ஓரான் நகரில் ஆயரும் துறவிகளும் உட்பட 19 மறைசாட்சிகள் அருளாளர்களாக உயர்த்தப்பட்டார்கள்.

இதைக் கேட்கிற சிலர், பாகிஸ்தானில் நம் சகோதரிக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். கத்தோலிக்கப் பெண் ஆசியா பீபிக்கு 2010இல் இறைநிந்தனைச் சட்டத்தின் கீழ் மரண தண்டனை விதித்தது பெரும் அநியாயம், அதை அநியாயம் என்றே சொல்ல வேண்டும். அந்தச் சட்டத்தை எதிர்த்த கத்தோலிக்க அமைச்சர் ஷாபாஸ் பட்டி 2011 மார்ச்சில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அவருக்கும் இரண்டு மாதம் முன்பு, அந்தப் பெண்ணுக்காகப் பேசியதற்காகத் தன் மெய்க்காவலன் கையாலேயே உயிர்விட்ட ஆளுநர் சல்மான் தசீர் ஒரு முஸ்லிம். கடைசி வரை வாதாடிய வழக்கறிஞர் ஒரு முஸ்லிம். 2018 அக்டோபர் 31 அன்று ஆசியா பீபியை விடுதலை செய்த நீதிபதிகளும் முஸ்லிம்கள். அநியாயத்தைச் சொல்லும்போது இவர்களை விட்டுவிட்டுச் சொன்னால் நாம் பொய் சொல்கிறோம்.

இலங்கையில் 2019 உயிர்ப்புப் பெருவிழா அன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் குண்டு வெடித்ததை யாராலும் மறக்க முடியாது. ஆலயங்களிலும் விடுதிகளிலுமாக 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த மாதமே முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. தன் மந்தையை அடக்கம் செய்த கையோடு, ஒரு முஸ்லிமைக்கூடத் தொடாதீர்கள், அவர்கள் நம் சகோதரர்கள் என்று கத்தோலிக்கரைக் கேட்டுக்கொண்டார் கர்தினால் மால்கம் ரஞ்சித். நீதி வேண்டும் என்று அரசைக் கேட்பதையும் அவர் விடவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

நம் பங்கு வாட்ஸ்அப் குழுக்களில், மாதா படத்துக்கும் செபமாலைக்கும் நடுவே முஸ்லிம்களைப் பற்றிய வெறுப்புச் செய்திகளும் வருகின்றன. அனுப்புகிறவர் நல்லவர்தான், தினமும் திருப்பலிக்குப் போகிறவராகக்கூட இருப்பார். தயவுசெய்து அதை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியவரிடம் தனியாக, மரியாதையாக, இது திருச்சபை போதிப்பதற்கு எதிரானது என்று சொல்லுங்கள். கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் கேக் கொடுக்கப் போகும் முஸ்லிம் வீட்டில் ஈஸா நபியை, அதாவது இயேசுவைப் பற்றிப் பேச்சு வந்தால், நாம் அவரை யாரென்று நம்புகிறோம் என்பதைப் பதற்றமில்லாமல் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதையும் முழுசாகக் கேளுங்கள். அப்புறம் ஒன்று. 1967 முதல் ஒவ்வொரு ரமலானுக்கும் வத்திக்கான் உலக முஸ்லிம்களுக்கு ஒரு வாழ்த்துச் செய்தி அனுப்புகிறது. அதைப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கி, இரண்டு மூன்று பேராகப் போய், உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் இமாமின் கையில் கொடுங்கள். நோன்பு திறக்கும் நேரமாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது, உட்கார்ந்து பேசலாம்.

வணக்கம்.