வாசனை விளைகிற ஊரில் காசும் தங்கட்டும்

நண்பர்களே, நறுமணப் பயிர் வளரும் ஊர்களில் சுற்றுலாவை வளர்ப்பது என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஊதா நிற லாவெண்டர் வயலும் அதன் நடுவே நின்று எடுக்கிற போட்டோவும்தான். அந்த போட்டோவால் வயல்காரருக்கு என்ன வரும்? வந்த பஸ் வெளியூர்க்காரருடையது, தங்குகிற ஓட்டலும் வெளியூர்க்காரருடையது என்றால், ஒரு மணி நேரம் வரப்பு தாண்டிச் செடியை மிதித்துவிட்டு எல்லோரும் கிளம்பிய பிறகு ஊருக்கு மிஞ்சுவது குப்பைதான். வருகிறவர்களின் பணம் அந்த ஊர்க்காரர் கையில் எப்படித் தங்கும் என்பதை மட்டும் இன்றைக்குப் பேசலாம்.

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் ஃபுரானோ என்று ஒரு பகுதி. அங்கே லாவெண்டர் போட்டதே வாசனைத் திரவியத் தொழிலுக்கு எண்ணெய் கொடுக்கத்தான். 1970களில் செயற்கை வாசனைப் பொருளும் மலிவான இறக்குமதி எண்ணெயும் வந்து சந்தையை அடித்துவிட்டன. வாங்க ஆள் இல்லாமல் விவசாயிகள் ஒவ்வொருவராகச் செடியைப் பிடுங்கினார்கள். டொமிட்டா பண்ணைக்காரருக்கு மட்டும் எல்லாவற்றையும் உழுது அழிக்க மனம் வரவில்லை. 1976இல் அந்த வயலின் படம் ஜப்பான் தேசிய ரயில்வேயின் காலண்டரில் வந்தது, ஜனங்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்ததுதான். பண்ணைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது, ஆனால் எண்ணெயை அங்கேயே வடித்து, சோப்பும் செண்ட்டும் உலர்பூப் பையும் செய்து, வந்தவர்களிடமே விற்கிறார்கள். விலைபோகாமல் நின்ற அதே பூதான்.

ஆகவே ஊருக்குள் முதலில் வர வேண்டியது விடுதி இல்லை, எண்ணெய் வடிக்கும் கலன், அதுவும் ஊர்ப் பொதுவில். பூ சில வாரங்களே இருக்கும். பிரான்சின் வலென்சோல் பீடபூமியில்கூட ஜூன் பிற்பகுதியும் ஜூலை முற்பாதியும் போனால் அறுவடை தொடங்கி, ஊதா நிறம் காணாமல் போய்விடும். எண்ணெயோ இருட்டில் இறுக மூடி வைத்தால் மற்ற மாதங்களிலும் விற்கலாம். வடிப்பதும் பார்க்கச் சலிக்காத காட்சி. அடியில் தண்ணீர் கொதிக்க, ஆவி எலுமிச்சைப்புல் கட்டுக்குள் புகுந்து வாசனையைச் சுமந்துகொண்டு மேலேறி, குளிர்ந்த தண்ணீரில் மூழ்கிய சுருள் குழாய் வழியாக மறுமுனையில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. குடுவையில் தண்ணீர் அடியில் நிற்க, மேலே மெல்லிய மஞ்சள் படலமாக எண்ணெய் பிரிகிறது. பச்சைப் புல்லின் எடையில் ஒரு சதவீதம் தேறினாலே பெரிது. தன் கையால் அறுத்துப் போட்ட புல்லிலிருந்து இவ்வளவுதான் வரும் என்று பார்த்தவர் அப்புறம் பேரம் பேசத் தயங்குவார். அடியில் தங்கும் மணநீரையும் கீழே ஊற்ற வேண்டியதில்லை, ரோஜாவானால் அதுதானே பன்னீர். வெந்த புல் மறுபடி வயலுக்கு, மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்காகப் போகும்.

பயிருக்குப் பயிர் நேரம் மாறும் என்பதையும் நமக்குச் சாதகமாக்கலாம். பல்கேரியாவில் கசன்லக் பள்ளத்தாக்கில் ரோஜாவை விடியற்காலையில் பறித்துவிடுவார்கள், வெயில் ஏறினால் எண்ணெய் குறைந்துவிடும். ஒரு கிலோ எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். அங்கே 1903இலிருந்து ரோஜா விழா நடக்கிறது. விடியலில் பறிப்பைப் பார்க்க ஆசைப்படுபவர் முந்தின இரவே ஊரில் தங்கியாக வேண்டும், அந்தத் தங்கல் ஒரு விவசாயி வீட்டு அறையில் என்றால் வாடகை வெளியே போகாது. வீடுகளுக்கு முறை வைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் ரோட்டோரத்து வீட்டுக்காரருக்கே எல்லாம் போய்ச் சேரும்.

சரி, எல்லாப் பூவும் கலனுக்கு ஒத்துவராது. மல்லிகையின் நுட்பமான வாசனை அந்தச் சூட்டைத் தாங்காது, அதைக் கரைப்பான் வைத்துத்தான் பிரிக்கிறார்கள், அது கிராமத்துக் கொட்டகையில் செய்கிற வேலையும் இல்லை. மல்லிகை ஊர்க்காரர்கள் பூவாகவே விற்கவும், பறிக்கவும் தொடுக்கவும் விருந்தாளிகளுக்குக் கற்றுக்கொடுக்கவும் திட்டம் போடட்டும். வெட்டிவேருக்கு வாசனை மண்ணுக்குள். செடியை முழுக்கத் தோண்டினால்தான் வேர் கிடைக்கும். சரிவில் அப்படித் தோண்டினால் மழையோடு மண்ணும் இறங்கிவிடும். கூட்டம் வருகிறது என்பதற்காக மலைச்சரிவெல்லாம் வெட்டிவேர் தோண்டக் காட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. நிலமே இல்லாத பறிப்புக்காரர்கள், பெரும்பாலும் பெண்கள், இந்தத் திட்டங்களில் போட்டோவில் மட்டும்தான் வருகிறார்கள். கூடையோடு நிற்கச் சொல்லிப் படம் எடுக்கிறார்கள், கூலி அதேதான். விருந்தாளிக்குப் பறிக்கச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் அவர்கள் பறிக்கும் பூவின் எடை குறையும், எடைக்குக் கூலி என்றால் அது அவர்களுக்கு நேர் நஷ்டம். அந்த நேரத்துக்குத் தனிக் கூலி வேண்டும், பொதுக் கலனின் லாபத்தில் பங்கு வேண்டும், கணக்குப் பார்க்கும் குழுவில் இடமும் வேண்டும். முதல் டிக்கெட் விற்பதற்கு முன்பே இது எழுத்தில் இருக்கட்டும். பணம் வர ஆரம்பித்த பிறகு உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டால், அந்தக் கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடப் போவதில்லை.