பின் எண் போடுகிற கை

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் 31 வருடம் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் யாராவது பாஸ்புக்கை நீட்டுவார்கள். அப்படி நீட்டிய ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், ஏலச் சத்தம் அடங்கிவிடும், கையில் காசு புழங்காது. அந்த நேரம் பார்த்து அவருக்கு ஓர் அழைப்பு. "அக்கா, தடைக்கால நிவாரணம் உங்கள் கணக்கில் ஏறாமல் நிற்கிறது. வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு அனுப்புகிறேன். ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள், உடனே வந்துவிடும்." பேசியவன் பெயரையும் தெருவையும் சரியாகச் சொல்லியிருக்கிறான். இவரும் போட்டார். சீட்டு எடுத்து வைத்திருந்த 18,500 ரூபாய் போய்விட்டது.

படிக்காதவர், அதனால் ஏமாந்தார் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவருடைய மீன் பலகையோரம் ஒரு க்யூஆர் அட்டை தொங்குகிறது. செதில் ஒட்டாமலிருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஆணியில் மாட்டியிருக்கிறார். சங்கரா வாங்குகிறவர், நெத்திலி வாங்குகிறவர் எல்லோரும் அதை ஸ்கேன் செய்கிறார்கள். இவருக்குப் பணம் வருகிறது. கோடு என்றால் பணம் வரும் என்பது அவருடைய தினசரி அனுபவம். திருடன் கைவைத்தது அந்த அனுபவத்தில்தான்.

அந்தப் பலகைக்கு முன்னால் குந்திக்கொண்டு கேட்டேன். "அம்மா, உங்களுக்குப் பணம் வரும்போது பின் எண்ணை அழுத்துவது யார்?"

"மீன் வாங்குகிறவர்தான் சார்."

"நீங்கள் எப்போதாவது அழுத்தியிருக்கிறீர்களா?"

அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தார். சிறிது நேரம் பேசவே இல்லை.

பின் எண் போடுகிற கை, பணம் கொடுக்கிற கை. வாங்குகிற கைக்குப் பின் எண்ணோடு வேலையே கிடையாது. நிவாரணம், பரிசு, கேஷ்பேக், தவறி அனுப்பிய பணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் சரி. வீட்டில் செல்போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: பின் எண் போட்டால் பணம் போகும்.

பணம் போனதைவிட என்னை வருத்தியது வேறொன்று. இரண்டு நாள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. மகன் திட்டுவான், பக்கத்துப் பலகைக்காரர்கள் சிரிப்பார்கள் என்ற வெட்கம். திருடனுக்கு வேண்டியது அந்த இரண்டு நாள்தான். உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைத்திருந்தால், பணம் எந்த வங்கிக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கேயே இருந்தால் நிறுத்தி வைப்பார்கள். ஆனால் திருடன் சும்மா இருப்பானா? ஒரு கணக்கிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என்று மாற்றி, கடைசியில் ஏடிஎம்மில் எடுத்துவிடுவான். அதனால்தான் நிமிடக் கணக்குப் பேசுகிறேன். அழுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள், முதலில் 1930. வீட்டில் யாராவது ஏமாந்து வந்து நின்றால், தயவுசெய்து திட்டாதீர்கள். இன்று திட்டினால் அடுத்த முறை மறைப்பார்கள்.

வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. வாடிக்கையாளர் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நேர்ந்த கோளாறால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை என்றது. பின் எண்ணை நாமே கொடுத்திருந்தால், வங்கியிடம் சொல்லும் வரை போனது நம் இழப்பு, சொன்ன பிறகு போவது வங்கியின் இழப்பு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். டிஜிட்டல் அரெஸ்ட் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை. வீடியோ அழைப்பில் போலீஸ் உடுப்போடு யார் மிரட்டினாலும் துண்டித்துவிடுங்கள்.

அந்த அம்மா இப்போது க்யூஆர் அட்டையின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் ஓர் எண் எழுதி வைத்திருக்கிறார். ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம். நன்றி, வணக்கம்.